மடியிற் கட்டிய ஓணான்

“வேலியிலே போன ஓணானை மடியிலே கட்டிக்கொண்டு, குத்துது குடையுது என்று அழுதானாம்” என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. தானே வரவழைத்துக்கொண்ட தொல்லைக்கு இதனை உவமையாகக் கூறுவர். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று இப்பழமொழிக்குப் பொருள் விரித்துரைத்த நான், எழுபத்திரண்டாம் வயதில், சிட்னி நகரின் மேற்கே பெண்டில் ஹில் என்னும் பகுதியில், மகள் வீட்டு முன்னறையில், அப்பொருளுக்கு நானே எடுத்துக்காட்டாக அமர்ந்திருப்பேன் என்று கனவிலும் நினைத்தேனல்லேன்.

ஓணானோடு எனக்கிருந்த பழைய உறவு பெருமைக்குரியதன்று. வலிகாமத்துக் கிடுகுவேலிகளின் ஓரத்தில், தென்னை ஈர்க்கின் நுனியிற் சுருக்கிட்டு, மூச்சை அடக்கி நின்று ஓணான் பிடித்த சிறுவர் கூட்டத்தில் நானும் ஒருவன். அணில் இராமனுக்கு உதவியதென்றும் ஓணான் அவனை அவமதித்ததென்றும் ஒரு கதை எங்களிடம் இருந்தது. ஆகவே, கல்லெறிவது பாவமன்று, புண்ணியம் என்றே எண்ணினோம். அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குத்தானோ என்னவோ, 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓணான் குலத்தின் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு எழுந்தருளினார்.

அவருடைய இனத்தை இந்நாட்டார் ‘பியேர்டட் ட்றாகன்’ என்பர். தாடி ஓணான் என்று நாம் கூறலாம். ‘பொகோனா விட்டிசெப்ஸ்’ என்பது விஞ்ஞானப் பெயர். ‘பொகோன்’ என்றால் கிரேக்க மொழியில் தாடி. சினங்கொண்டாலும் அஞ்சினாலும் தொண்டைத் தோலை விரித்து, முட்கள் சிலிர்க்கக் கரிய தாடியாகக் காட்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அரை மீற்றர் நீளம் வளரும். எங்கள் கிடுகுவேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவுஸ்திரேலியாவின் கிழக்கு உள்நாட்டு வறண்ட வெளிகளே இதன் தாயகம். அங்கே நெடுஞ்சாலையோர வேலிக்கட்டைகளின் உச்சியில் ஏறியிருந்து வெயில் காய்வது இதன் வழக்கம். வேலியையும் ஓணானையும் பிரிக்க முடியாது போலும்!

இது எங்களிடம் வந்த வரலாறு எளியது. இரண்டு வீடு தள்ளியிருந்த இளைஞர் ஒருவர் ஏழாண்டுகளாக இதனை வளர்த்தார். ‘சாளி’ என்று பெயருமிட்டார். அவருக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. தன் நாட்டு ஊர்வனவற்றை வளர்ப்புப் பிராணியாக வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அவுஸ்திரேலியா இடந்தருவதில்லை. வேடிக்கை என்னவெனில், கனடாவின் கடைகளிலே இதே இனம் விலைக்குண்டு. அவற்றின் மூதாதையர் எப்போதோ இந்நாட்டிலிருந்து சென்றவையே. ஆயினும் தம்முடைய சாளியை அவர் கொண்டுசெல்ல முடியாது. என் பேர்த்தி கெஞ்சினாள், மகள் இணங்கினாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நாட்டு ஊர்வனவற்றை வளர்ப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கைமாறுவதையும் பதிவு செய்ய வேண்டும். கடதாசிக் காரியங்கள் முடிந்த ஒரு சனிக்கிழமை காலை, நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டியும், ஒரு மரக்கிளையும், விளக்குகள் இரண்டும், ஒரு கொப்பியும் வந்து சேர்ந்தன. துணிப்பைக்குள் சாளி இருந்தது. இளைஞர் அதன் முதுகை ஒருமுறை தடவிவிட்டுத் திரும்பிப் பாராமற் சென்றார்.

அன்றிலிருந்து அது உண்ணவில்லை.

முதல் வாரத்தில் நாங்கள் கலங்கவில்லை. வளர்ந்த ஓணான் இடம் மாறினால் சில நாள், சில வேளை இரண்டு மூன்று வாரம்கூட உணவைத் தொடாதிருக்கும் என்று இளைஞர் சொல்லியிருந்தார். இரண்டாம் வாரத்தில் தாடி கறுத்தது. கண்ணாடிச் சுவரைப் பகலெல்லாம் முன்னங்கால்களாற் பிறாண்டியது. மூன்றாம் வாரத்தில் அதுவும் நின்றது. கிளைக்குக் கீழே இருண்ட மூலையில், கண்களை மூடி, மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது.

அதன் துயரம் எனக்கு விளங்கிவிட்டதாகவே நான் நம்பினேன். 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது, எங்கள் குடும்பமும் தென்மராட்சிப் பாடசாலையொன்றின் வகுப்பறையில் ஒதுங்கிற்று. என் தாயார் மூன்று நாள் ஒரு பிடி சோறும் உண்ணவில்லை. கொடுத்த கோப்பையைத் தள்ளிவைத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வீட்டை விட்டு வந்த துக்கம் என்று எல்லோரும் கண்ணீர் வடித்தோம். அதே சுவர்ப் பார்வையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மறுபடியும் கண்டேன். எஜமானனை நினைத்து ஏங்குகின்றது. மண்ணைப் பிரிந்து வாடுகின்றது என்று தினக்குறிப்பில் நாலு பக்கம் எழுதினேன். அப்பக்கங்களை இன்று எடுத்துப் படிக்க வெட்கமாயிருக்கின்றது.

ஏங்கும் உயிருக்கு அன்பே மருந்து என்பது என் முடிவு. நாள்தோறும் நாலைந்து தடவை கையில் எடுத்தேன். வாயருகே கீரையை நீட்டினேன். தனிமை தீரட்டும் என்று தொலைக்காட்சிக்கு எதிரே பெட்டியை வைத்தேன். பின்னர், சூரியனைக் காணட்டும் என்று யன்னலோரத்துக்கு மாற்றினேன். வந்த அன்றே வெப்ப விளக்கின் குமிழ் உடைந்துபோயிற்று. பல்பொருள் அங்காடியில் முதலிற் கண்ணில் பட்ட மின்குமிழொன்றை வாங்கி மாட்டியிருந்தேன். மற்ற விளக்கான நீண்ட குழாய், பழுதின்றிப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, அதன் பின்னங்காலின் விரல்கள் தாமாகத் துடிப்பதைப் பேர்த்தி கண்டாள். மழைத்துளி பட்ட இலை அசைவதைப் போன்ற சிறு துடிப்பு. “தாத்தா, இது கவலையில்லை, வருத்தம்” என்றாள். நோயை வருத்தம் என்று சொல்லும் எங்கள் ஊர் வழக்கு அவளுக்குத் தாய் வழி வந்தது. அன்று பிற்பகலே ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் சென்றோம்.

வைத்தியர் நடுவயதுப் பெண்மணி. சாளியைத் தராசில் வைத்தார்: 371 கிராம். இளைஞரின் கொப்பியிற் கடைசியாக எழுதியிருந்தது 418. தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தார். அதன்பின் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். வெயில் காயும் இடத்தின் வெப்பம் எவ்வளவு? குழாய் விளக்கு எப்போது வாங்கியது? ஒரு நாளைக்கு எத்தனை முறை கையில் எடுக்கின்றீர்கள்? அதன் ஏக்கத்தைப் பற்றி நான் கூறியதை மறுக்காமற் கேட்டுக்கொண்டார். ஆனால், அட்டையில் எழுதவில்லை.

வெப்பத்துக்கு, பெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி 38 பாகை காட்டுகின்றது என்றேன். அது சுவரின் வெப்பம். ஓணான் சுவரிற் குந்துவதில்லை என்றார். மறுநாள், தொடாமலே மேற்பரப்பின் சூட்டை அளக்கும் கருவியால் பார்த்தபோது, அது குந்தும் கல்லின் வெப்பம் 29 பாகை செல்சியஸே. 40 பாகை அளவில் இருக்க வேண்டிய இடம் அது. நமது உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கும். இவ்வுயிரோ சூட்டை வெளியிலிருந்து கடன் வாங்கியே சீவிக்கின்றது. சூடில்லையேல் இரைப்பை வேலை செய்யாது. அந்நிலையில் உண்டால் உணவு வயிற்றிற் கிடந்து அழுகும். ஆகையால் அது உண்ண மறுத்தது அதன் அறிவு. ஊட்ட முயன்றது என் அறியாமை.

குழாயின் கதை இன்னும் நுட்பமானது. வெயிலில் உள்ள கழியூதாக் கதிர்களில் ஒரு பகுதி தோலிற் படும்போதுதான் இதன் உடலில் விற்றமின் டி3 உண்டாகின்றது. அவ்விற்றமின் இன்றேல், உணவில் எவ்வளவு கல்சியம் இருந்தாலும் குடல் அதனைப் போதிய அளவு ஏற்காது. இரத்தத்திற் கல்சியம் குறையும்போது, உடல் தன் எலும்பையே கரைத்துக் குறையை ஈடுசெய்யப் பார்க்கும். விரல் நடுங்கும், பின்னர் தாடை மெதுமையாகும், கால்கள் வளையும். கூட்டில் வளரும் ஊர்வனவற்றை வாட்டும் நோய்களுள் இது முதன்மையானது. அக்கதிரைத் தருவதற்கென்றே அமைந்தது அக்குழாய். ஆனால், கண்ணுக்குத் தெரியும் ஒளி ஆண்டுக்கணக்கில் எரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கதிர் அதற்கு வெகு முன்பே மங்கிவிடும். பெரும்பாலான குழாய்களை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்றவேண்டும் என்பர். கொப்பியைப் புரட்டினோம். குழாய் வாங்கிய திகதி அதில் இருந்தது. மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகியிருந்தன.

யன்னல் வெயிலாவது உதவியிருக்குமே என்று நான் ஈனக்குரலிற் கேட்டேன். யன்னற் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்றும், கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது வெந்துபோகலாம் என்றும் வைத்தியர் விடையளித்தார். பெட்டியை வைத்த யன்னல் தெற்கு நோக்கியது. இங்கே சூரியன் வடபுறமாகச் செல்வதால் அதில் நேர் வெயில் விழுவதில்லை. திசை தெரியாமற் செய்த பிழையே அதன் உயிரைக் காத்தது என்று சொல்ல வேண்டும்.

வீடு திரும்பும் வழியில், என் தாயாரின் கதை முழுவதும் நினைவுக்கு வந்தது. முழுவதும் என்று ஏன் சொல்கின்றேனெனில், பல ஆண்டுகளாக நான் அக்கதையின் முற்பாதியை மட்டுமே கூறிவந்திருக்கின்றேன். நாலாம் நாள், தொண்டு செய்ய வந்த அயலூர்ப் பெண்ணொருத்தி தாயாரின் அருகில் இருந்து மெல்லக் கதை கொடுத்து, உண்மையை அறிந்தாள். அவசரத்திற் புறப்பட்டபோது தாயார் தம்முடைய கட்டுப்பல்லை அடுக்களைத் தட்டிலே விட்டுவந்துவிட்டார். அந்நியர் நிறைந்த அறையில் அதனைச் சொல்ல அவருக்கு வெட்கம். அந்தப் பெண் சோற்றை நன்கு குழைத்துக் கஞ்சியாக்கிக் கொடுத்தாள்; தாயார் இரண்டு கோப்பை குடித்தார். துக்கம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அவர் பட்டினி கிடந்தது துக்கத்தால் அன்று. நாங்கள் அழுதுகொண்டிருந்தோமேயன்றி, என்ன வேண்டும் என்று கேட்டோமில்லை. இந்தப் பிற்பாதியைக் கூட்டங்களிற் சொன்னால் உருக்கம் குறைந்துவிடும் என்பதனாற்போலும், காலப்போக்கில் அது என் வாயிலிருந்து நழுவிவிட்டது.

வைத்தியரின் கட்டளைகள் சுருக்கமானவை. புதிய குழாயைத் தயாரிப்பாளர் குறித்த உயரத்தில், இடையிற் கண்ணாடி எதுவுமின்றி மாட்ட வேண்டும். கல்லில் 40 பாகையும், மறுமூலையில் 25 பாகை அளவும் இருக்கவேண்டும். வேண்டியபோது சூட்டுக்கும் வேண்டியபோது குளிர்ச்சிக்கும் நகர்ந்து தன் உடலைத் தானே அது சரிசெய்துகொள்ளும். கல்சியம் நீர் மருந்தை மட்டும் வாயிற் சொட்டு விடவேண்டும். பெட்டியின் மூன்று புறமும் துணியால் மூடவேண்டும். மற்றப்படி இரண்டு வாரம் கையை வைக்கவே கூடாது.

கடைசிக் கட்டளையே எனக்குக் கடினமாயிருந்தது. ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, எட்டடி தள்ளியிருந்து பார்ப்பது மட்டுமே என் வேலையாயிற்று. அப்படிப் பார்த்திருந்தபோதுதான், அதுவரை காணாதன பல கண்டேன். காலையில் மேனி கருஞ்சாம்பலாயிருக்கும். கரிய நிறம் சூட்டை விரைவில் உறிஞ்சும். உடல் சூடேறியதும் வெளிறிய வைக்கோல் நிறமாக மாறும். அதற்கு மேலும் சூடானால் வாயைத் திறந்தபடி அசையாதிருக்கும். அது கோபமன்று, வெப்பத்தை வெளிவிடும் வழி. உச்சந்தலையில் ஒரு செதில் மட்டும் மங்கலாகத் தெரியும். உருவங்களைக் காணாது, ஒளியையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாம் கண் அது. மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் பருந்தென்று அஞ்சி ஒடுங்கும். நானோ ஐந்து வாரமாக மேலிருந்தே கையை நீட்டியிருந்தேன்! பக்கவாட்டிலிருந்து மெல்ல வந்து, நாலு கால்களும் தாங்கும்படி உள்ளங்கையை அடியிற் கொடுத்து எடுப்பதே முறை. எடுத்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் முறை. ‘சல்மனெல்லா’ என்னும் கிருமி ஊர்வனவற்றின் உடலில் சாதாரணமாக இருக்கும்.

பதினோராம் நாள். வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையில் ஒரு பூவைக் கொய்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு என் கதிரைக்குத் திரும்பினேன். சாளி கல்லின் மேலிருந்து தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நோக்கிற்று. பின் மறு கண்ணால் நோக்கிற்று. இறங்கி வந்து, நாவை நீட்டி இதழைத் தொட்டது. அடுத்த கணம் பூவிற் பாதி வாய்க்குள் இருந்தது. நான் எழுந்து நின்று மகளைக் கூவி அழைத்தேன். “என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுது, பிள்ளை!” என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, அது உங்களைப் பார்க்கேல்லை, பூவைத்தான் பார்க்குது” என்றாள்.

அவள் சொன்னது சரியாயிருக்கலாம். எனினும், ஓணானுக்கு மனமே இல்லை என்று கூறுவாரோடும் நான் உடன்படேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளரும் வேறு சிலரும் 2015 இல் இவ்வினத்தை வைத்து ஒரு சோதனை நடத்தினர். பயிற்றிய ஓர் ஓணான் சிறு கதவை ஒருபுறமாகத் தள்ளித் திறப்பதை மற்றவற்றுக்குக் காட்டினர். கண்டவை அவ்வாறே செய்தன; காணாதவை செய்யவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கும் ஆற்றல் ஊர்வனவற்றுக்கும் உண்டென்பது அதனாற் புலப்பட்டது. 2016 இல், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தார், உறங்கும் தாடி ஓணான்களின் மூளையை ஆராய்ந்து, மனிதர் கனவு காணும் வேளைக்குரிய உறக்கத்தை ஒத்த ஒரு நிலை அவற்றுக்கும் உண்டென்று அறிவித்தனர். கனவு காண்கின்றதா, காணின் எதனை என்பதை அவர்கள் கூறவில்லை. நானும் தினக்குறிப்பில் அதுபற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பேர்த்தி இதனை ஆணென்று உறுதியாகக் கூறமுடியுமா என்று கேட்டபோது, வைத்தியர் சொன்ன செய்தி ஒன்று. முட்டை அடைபடும் சூடு 32 பாகையைக் கடந்தால், பிறவிக் கூற்றால் ஆணாக வேண்டிய குஞ்சு பெண்ணாக வளர்ந்துவிடுமாம். கன்பரா பல்கலைக்கழகத்தார் காட்டிலேயே அத்தகைய பெண்களைக் கண்டு 2015 இல் எழுதியிருக்கின்றனர். சாளி ஆண்தான். ஆயினும், பிறக்கு முன்னரே வெப்பத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்ட ஓருயிரை 29 பாகைக் கல்லில் ஐந்து வாரம் இருத்தினேனே என்று அன்று மறுபடியும் வருந்தினேன்.

உணவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குஞ்சுக்குப் பூச்சி பெரும்பங்கு. வளர்ந்ததற்கு இலையே பெரும்பங்கு. சாளிக்கு நாள்தோறும் கீரை வகைகளும், துருவிய பூசணியும், பருவத்திற் செவ்வரத்தம் பூவும். வாரத்தில் இரண்டு முறை கல்சியத் தூள் தூவிய சுவர்க்கோழிப் பூச்சி. அப்பூச்சிகளுட் சில தப்பி, இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நின்று பாடுவதை மகள் இன்னும் மன்னிக்கவில்லை. அவக்காடோப் பழம் இதற்கு நஞ்சு. இருந்த இடத்தில் இருந்து உண்டு கொழுப்பதும் இதற்குக் கேடே. அது எனக்கும் பொருந்தும் என்று வீட்டார் கூறுகின்றனர்.

அவ்வாண்டு மாரியில் அதனை உறங்க விடாது வெப்பத்திலேயே வைத்திருந்தோம். அடுத்த ஆண்டு, 2024 யூன் மாதத்தில், அது தானாகவே உணவைக் குறைத்து, மரப்பட்டைக்கு அடியிற் புகுந்து உறங்கிற்று. குளிர்கால உறக்கம் இவ்வினத்துக்கு இயல்பு. முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டி, மலத்தையும் சோதிப்பித்து, வாரந்தோறும் நிறுத்து எழுதிவந்தோம். ஏழு வாரத்தில் எட்டுக் கிராம் மட்டுமே குறைந்தது. பார்வைக்கு 2023 இல் கிடந்த அதே கிடைதான். கண்மூடிய அதே முகந்தான். வேறுபாட்டைச் சொன்னது தராசும் வெப்பமானியுமே. என் கண் இரண்டையும் ஒன்றாகவே கண்டிருக்கும்.

ஓகஸ்ற் மாதத்தில் ஒருநாள், அது விழித்தெழுந்த வாரத்தில், கனடாவிலிருந்து இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். படத்திற் காட்டச் சொன்னார். சாளி கல்லின் மேல் வாய் திறந்து அமர்ந்திருந்தது. அவர் பெயர் சொல்லி அழைத்தார்; அது தலையைத் திருப்பவில்லை. முதலில் உண்ணாதிருந்ததாமே, என்னைத் தேடியதா என்று கேட்டார். தேடியது என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாயிருந்திருக்கும். எனக்கும் அச்சொல் நாவின் நுனிவரை வந்தது. நான் வாங்கிய பிழையான குமிழைப் பற்றி முதலிற் சொன்னேன். பின்னர் குழாயைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அது எரிந்துகொண்டுதானே இருந்தது என்றார். ஆம், எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றேன்.

வலது பின்னங்காலின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் சற்று வளைந்திருக்கின்றன. அவை நிமிரா என்று வைத்தியர் கூறிவிட்டார். கிளை ஏறுவதற்கு அது தடையாயில்லை. குழாயின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மாட்டிய திகதியையும் மாற்றவேண்டிய திகதியையும் பேர்த்தியின் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கின்றேன். அதற்கு இன்னும் நாற்பது நாள் இருக்கின்றது. புதிய குழாய் இப்போதே அலுமாரிக்குள் வந்துவிட்டது.